‘இருந்துட்டுப் போங்க’: வெள்ளகவி ஏற்றத்தில் ஒரு பரிமாற்ற மாணவியும் மூன்று நண்பர்களும்

இந்த நிகழ்வில் யாரும் சாகவில்லை. ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கியது, இன்னொருவருக்குக் குளிரில் நாக்குக் குழறியது, நால்வரும் இரவு 8.50-க்குக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் சாலையில் வந்து ஏறினார்கள். செய்தித்தாளில் ஒரு வரிகூட வராத சமாச்சாரம். எழுத எடுத்துக்கொண்டதும் அதனால்தான். பெரிய விபத்தை நாலு பேர் ஆராய்வார்கள். தப்பிப் பிழைத்த நாளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலிலேயே சொல்லிவிட வேண்டிய ஒன்று. இது குறிப்பிட்ட ஒரு குழுவின் கதை அல்ல. கொடைக்கானல் சரிவுகளில் வெளிநாட்டு மாணவர்களும் உள்ளூர் நண்பர்களும் சேர்ந்து போகும் நடைகளில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே நாளுக்குள் வைத்துக் காட்டும் மாதிரி நிகழ்வு. ஆட்கள், கடிகார நேரங்கள், தூர உயர எண்கள் எல்லாம் மாதிரிக்காக வைத்தவை. இடம், வானிலை, சட்டம், உடம்பு நடந்துகொள்ளும் விதம் ஆகியவை உள்ளபடியே இருக்கின்றன.

ஆட்கள்

மாணவி தெற்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். மதுரையில் ஒரு கல்லூரியில் ஒரு பருவம் படிக்க ஜூலையில் வந்தார். ஆல்ப்ஸ் மலையில் சிறு வயது முதல் நடந்தவர். கணுக்காலை மூடும் நடைக்காலணி, மழைச்சட்டை, தலைவிளக்கு, முதலுதவிப் பை எல்லாம் சொந்தமாக உண்டு. உடன் வந்தவர்கள் மூவர்: மதுரைக்காரர் ஒருவர், வத்தலக்குண்டுக்காரர் ஒருவர், கோவையிலிருந்து வந்து அதே கல்லூரியில் படிக்கும் தோழி. மூவரும் கொடைக்கானலுக்குப் பலமுறை போனவர்கள். ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக். காட்டுப் பாதையில் நாள் முழுக்க நடந்த அனுபவம் யாருக்கும் இல்லை.

மலை தெரிந்தவருக்கு ஊர் தெரியாது, ஊர் தெரிந்தவர்களுக்கு மலை தெரியாது. இப்படி ஒரு கூட்டணி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எதை யார் தீர்மானிப்பது என்று கிளம்பும் முன்பே பேசியிருக்க வேண்டும். இவர்கள் பேசவில்லை. ‘அவளுக்கு மலை பழக்கம்’ என்று மூவரும் நினைத்துக்கொண்டார்கள். ‘இவர்கள் ஊர், இவர்களுக்குத் தெரியும்’ என்று மாணவி நினைத்தார்.

அன்றைய நாள்

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. வெள்ளி இரவே அரசுப் பேருந்தில் மேலே வந்து வட்டக்கானலில் ஒரு வீட்டில் தங்கினார்கள். வட்டக்கானலிலிருந்து டால்ஃபின் நோஸ், அங்கிருந்து இறங்கி வெள்ளகவி கிராமம், பிறகு வந்த வழியே திரும்பி ஏறி, அன்றிரவே மதுரைக்குப் பேருந்து என்பது திட்டம். காலை 7 மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

கிளம்பியது 9.50-க்கு. தங்கிய வீட்டுக்காரர் சி ஃபாரம் பதிவுக்காகக் காலையில் மாணவியின் பாஸ்போர்ட், விசா நகல் கேட்டார். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் இந்தப் பதிவைச் செய்தாக வேண்டும். அவர் கேட்டது சரிதான். நகல் கைவசம் இல்லை. படம் எடுத்து, இணையம் வரும்வரை காத்திருந்து அனுப்பியதில் முக்கால் மணி நேரம் போனது. மீதி நேரத்தை இட்லியும் காபியும் தின்றன.

டால்ஃபின் நோஸ் பாறைக்கு 10.25-க்கு வந்தார்கள். அதுவரை உள்ள பாதையைக் கொடைக்கானல் போன எவரும் அறிவார்: வேர்களே படிகளாக மாறிய செம்மண் இறக்கம், வழியெல்லாம் சோளம், மாங்காய், மேகி விற்கும் கடைகள். பாறையில் படம் எடுப்பதில் 50 நிமிடம். 11.15-க்கு அங்கிருந்து கீழே. பகல் 1.30-க்கு வெள்ளகவி.

வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் முழுக்கவே கோயில் என்பது அவர்கள் கணக்கு; வருகிறவரும் எல்லையில் கழற்றிவிட வேண்டும். மாணவி காலணியின் நீளக் கயிறுகளை அவிழ்த்துக் காலுறையை இழுத்தபோது வலது காலில் மூன்று அட்டைகள், இடது காலில் ஒன்று. இரண்டு குடித்து உப்பியிருந்தன. அவர் அரைக்கால் சட்டையும் குட்டைக் காலுறையும் போட்டிருந்தார். ஆல்ப்ஸில் கோடைக்கு அது சரியான உடுப்பு.

ஊரில் டீ, கையில் கொண்டுபோன புளிசாதம், கொஞ்சம் பேச்சு. 2.20-க்குத் திரும்பக் கிளம்பினார்கள். 2.55-க்கு மழை பிடித்தது. 3.40-க்கு ஈர வேரில் வழுக்கி வத்தலக்குண்டு நண்பரின் கணுக்கால் மடங்கியது. 5.45-க்குச் சோலைக்குள் பாதை தெரியவில்லை. 6.30-க்குப் பாதையின் நடுவே காட்டுமாடு. 8.50-க்குச் சாலை. மதுரைப் பேருந்து அதற்கு வெகு முன்பே போய்விட்டது.

தலைகீழ் மலை

இந்த ஆய்வில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

ஆல்ப்ஸில் ஊர் அடிவாரத்தில் இருக்கும். காலையில் தெம்போடு ஏறுகிறோம். களைத்தால் திரும்பி இறங்குகிறோம். ‘முடியலன்னா திரும்பிடலாம்’ என்ற பேச்சுக்கு அங்கே பொருள் உண்டு, ஏனென்றால் திரும்பும் வழி சுலபமான பாதி. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஊரே உச்சியில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவில், ஊட்டி 2,240. நடை இறக்கத்தில் தொடங்குகிறது. தெம்பு இருக்கும்போது சுலபமான பாதி, தெம்பு தீர்ந்த பிறகு கஷ்டமான பாதி. இறங்கும்போது யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை, அதனால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று இறங்கும் ஒவ்வொரு 100 மீட்டரும் பிற்பகலில் வட்டியோடு திரும்பி வரும் கடன்.

அன்றைய எண்களையே எடுத்துக்கொள்வோம். மாணவியின் கைக்கடிகாரம் வட்டக்கானலிலிருந்து கிராமம் வரை 7 கிலோமீட்டர் தூரமும் 650 மீட்டர் இறக்கமும் காட்டியது. ஜெர்மனியில் மலைப்பாதைப் பலகைகளில் நடைநேரம் எழுத ஒரு வாய்பாடு உண்டு: சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தையும் உயரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கண்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும்.

இறங்குவதற்கு: தூரத்துக்கு 105 நிமிடம், இறக்கத்துக்கு 78. ஆக 105-உம் 39-உம் சேர்த்து 144 நிமிடம். ஏறுவதற்கு: ஏற்றத்துக்கு 130, தூரத்துக்கு அதே 105. ஆக 130-உம் 52-உம், 182 நிமிடம். இவர்கள் இறங்க உண்மையில் எடுத்துக்கொண்டது, பாறையில் நின்ற நேரத்தைக் கழித்தால், 170 நிமிடம். அதாவது வாய்பாட்டைவிட ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலான தாமதம். அதே விகிதத்தை ஏற்றத்துக்கும் வைத்தால் 215 நிமிடம், மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். 2.20-க்குக் கிளம்பினால் 5.55.

நவம்பர் நடுவில் கொடைக்கானலில் சூரியன் மறைவது 6 மணிக்குச் சற்று முன்பு. மழை பெய்யாவிட்டாலும், யாருக்கும் கால் சுளுக்காவிட்டாலும், இவர்கள் சரியாக இருட்டும் நேரத்தில்தான் சாலைக்கு வந்திருப்பார்கள். கையிருப்பு நேரம் பூஜ்யம்.

கிராமத்தில் நண்பர்கள் போட்ட கணக்கு வேறு: ‘இறங்க ரெண்டே முக்கால், ஏற மூணு, அஞ்சேகாலுக்கு மேல போயிரலாம்.’ மாணவிக்கு வாய்பாடு தெரியும். ஆனால் அவர் கணக்குப் போடவில்லை. அவர் ஊரில் அந்தக் கணக்கைப் பலகையே போட்டு வைத்திருக்கும். மஞ்சள் பலகையைப் பார்த்து நடந்து பழகியவருக்குப் பலகை இல்லாத மலையில் அது நினைவுக்கு வரவில்லை.

அந்தியும் அவரை ஏமாற்றியது. தெற்கு ஜெர்மனியில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பதைத் தாண்டும். மறைந்த பிறகும் 40 நிமிடத்துக்குக் கிட்ட நடக்கத் தேவையான வெளிச்சம் இருக்கும். நம் பக்கம் சூரியன் செங்குத்தாக விழுகிறது. அந்தி வெளிச்சம் 20 நிமிடத்தைச் சற்றுத் தாண்டும், அதுவும் வெட்டவெளியில். சோலை மரங்களுக்குள் சூரியன் மறைவதற்கு முன்பே இருட்டு வந்து உட்கார்ந்துவிடும்.

சரிவில் இறங்கித் திரும்பி ஏற வேண்டிய நடைக்கு மூன்றில் ஒரு பங்கு விதியே போதும். கையில் உள்ள பகல் நேரத்தை மூன்றாக்கி, ஒரு பங்கு முடிந்ததும் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். அன்றைக்கு 9.50-க்குக் கிளம்பியவர்களுக்கு மாலை 5 மணி எல்லை என்றால் திரும்பும் நேரம் 12.15. அப்போது கிராமம் கண்ணில்கூடப் பட்டிருக்காது. போக முடியாத நாள் அது. 7 மணிக்குக் கிளம்பாதபோதே அது தீர்மானமாகிவிட்டது.

ஒரு வாக்கியம் தொலைந்த விதம்

கிராமத்தில் டீ கொடுத்த பெரியவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: “ஏத்தம் இனிப் பொழுதுக்குள்ள ஆகாது தம்பி. மழையும் எறங்கும். இருந்துட்டுக் காலையில போங்க.”

மதுரை நண்பரின் பதில்: “இல்லண்ணே, அஞ்சு மணிக்கெல்லாம் போயிருவோம்.”

அவர் என்ன சொல்கிறார் என்று மாணவி கேட்டார். தங்கச் சொல்கிறார், இங்கே எல்லாரும் விருந்தாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நண்பர் ஆங்கிலத்தில் விளக்கினார். மாணவி நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார். பெரியவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

நண்பர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் ‘இருந்துட்டுப் போங்க’ என்பது பாதி நேரம் உபசாரம்தான். மூன்று முறை மறுத்தால் விட்டுவிடுவார்கள், அதுவும் மரியாதை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த காதுக்கு முதல் இரண்டு வாக்கியமும் மூன்றாவதற்கு முன்னுரைபோலக் கேட்டுவிட்டது. உண்மையில் எச்சரிக்கை அந்த இரண்டில்தான் இருந்தது. மூன்றாவது அதற்கான தீர்வு.

மாணவிக்கு நேர்ச்சொல்லாகப் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் பழகிய மலைகளில் மலைக்குடிலைப் பார்த்துக்கொள்பவர் ‘இன்றைக்குப் போகாதே’ என்றால் அது கிட்டத்தட்ட உத்தரவு. நால்வரில் நின்றிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவர் காதுக்கு அது எட்டவில்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. மொழிபெயர்ப்பவர் தன் விளக்கத்தைச் சேர்க்காமல், சொன்னதைச் சொன்ன வரிசையில் முழுக்கச் சொல்வது ஒன்று. கேள்வியை மாற்றிக் கேட்பது இன்னொன்று. ‘போகலாமாண்ணே?’ என்று கேட்டால் ‘போகலாம், பாத்துப் போங்க’ என்றுதான் பதில் வரும். வந்தவர் மனசு கோணக்கூடாதே. ‘உங்க வீட்டுப் பிள்ளைய இந்நேரத்துக்கு மேல அனுப்புவீங்களா?’ என்று கேட்டால் உபசாரத்துக்கு இடமில்லை.

இதே நோய் குழுவுக்குள்ளும் இருந்தது. விருந்தாளி முன்னால் களைப்பைக் காட்டக்கூடாது என்று மூவர். அழைத்து வந்தவர்களிடம் குறை சொல்லக்கூடாது என்று ஒருவர். ‘ஓகேயா?’ என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். ‘ஓகே’ என்பதைத் தவிர வேறு பதில் அந்தக் கேள்விக்குக் கிடையாது. ஒன்று முதல் பத்துக்குள் தெம்பு எத்தனை என்று எண்ணாகக் கேட்பது நல்லது. மூன்று என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை.

மழைக்குப் பிறகு

பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் காலை தெளிவாக இருந்து, பகலில் பள்ளத்தாக்கின் சூட்டுக்காற்று மேலேறி, இரண்டு மூன்று மணிக்கு மேகம் திரண்டு இடியோடு இறங்குவது வாடிக்கை. மேற்கு நீலகிரியில் கதை வேறு. அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. ‘மலையில் எப்போது மழை?’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த மலை, எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்.

மழைச்சட்டை மாணவியிடம் மட்டும் இருந்தது. மற்ற மூவரும் ஜீன்ஸ், பருத்தி ஹூடி. பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும். உடம்புச் சூட்டைத் தண்ணீர் வழியாக வெளியே கடத்தும். ஏறும்போது உள்ளிருந்து வியர்வை, வெளியிலிருந்து மழை. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை 6 டிகிரிக்குச் சற்று மேல் குறையும். ஆக, நனைந்த உடம்போடு குளிரை நோக்கியே நடக்கிறார்கள். நின்றால் நடுக்கம். 12 டிகிரியில் உடல்வெப்பக் குறைவு வருமா என்று கீழ்நாட்டில் கேட்பார்கள். நனைந்து, காற்றடித்து, பசித்தால் வரும்.

கோவைத் தோழிக்கு அறிகுறி 4.30-க்கே தொடங்கியது. முதலில் கைப்பை ஜிப்பைத் திறக்க வரவில்லை. பிறகு கால் இடறல். பிறகு பேச்சுக் குழறல், ‘எனக்கு ஒன்னுமில்ல’ என்ற எரிச்சல். விரல், கால், நாக்கு என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாணவி கவனித்து, மரத்தடியில் நிறுத்தி, ஈர ஹூடியைக் கழற்றச் செய்து, தன் உலர்ந்த கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டு, மேலே உடம்புச் சூட்டைத் தக்கவைக்கும் மெல்லிய பளபளப்பான படலப் போர்வையைச் சுற்றி, கடலைமிட்டாய் தின்ன வைத்தார். 20 நிமிடத்தில் நடுக்கம் தணிந்தது. ஈரத் துணியின் மேல் போர்வை சுற்றினால் பெரிய பலன் இராது. முதலில் கழற்ற வேண்டும். கூச்சத்தில் தவறவிடும் படி அதுதான்.

மலைக்காரர்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளும் கொங்காணியே 300 ரூபாய் மெல்லிய மழைக்கோட்டைவிட மேல். முதுகும் தோளும் நனையாது, புதரில் கிழியாது.

கணுக்காலுக்கு வருவோம். சுளுக்கா, முறிவா என்று காட்டில் பார்க்க ஒரு எளிய சோதனை மருத்துவர்களிடம் உண்டு. கணுக்காலின் இரு பக்க எலும்பு முண்டின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் மேல்வரை அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே எலும்பிலேயே வலி இருந்தாலோ, நொண்டியாவது நாலடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ முறிவைச் சந்தேகிக்க வேண்டும். நண்பருக்கு வலி முண்டுக்கு முன்னால் சதையில், நாலடி வைத்தார். 10 சென்டிமீட்டர் அகல க்ரேப் பட்டையை, விரல் பக்கமிருந்து தொடங்கி, பாதத்தையும் கணுக்காலையும் எட்டு வடிவத்தில் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். பிறகு காலணியை மறுபடி போட்டு இறுக்கியாயிற்று. கழற்றியபடியே விட்டிருந்தால் வீக்கம் ஏறி மறுபடி நுழைந்திருக்காது. அவர் சுமையை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். வேகம் பாதியானது.

அட்டை விஷயத்தில் பயம் அதிகம், சேதம் குறைவு. பிடித்து இழுக்காமல், மெல்லிய முனையின் கீழ் நகத்தைச் செருகி வழித்துவிட்டு, உடனே தடித்த முனையையும் வழித்தால் வந்துவிடும். உப்பும் தீக்குச்சியும் அட்டையைக் குடித்ததைக் கக்க வைக்கும், காயத்துக்கு நல்லதல்ல. இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிட்டுப் போவதால் மணிக்கணக்கில் கசியும். மாணவியின் காலுறை சிவந்ததைப் பார்த்து நண்பர்கள் பதறியதற்கு அதுதான் காரணம். உப்பையும் புகையிலையையும் கலந்து துணியில் முடிந்து, நனைத்துக் காலுறை மேல் தேய்ப்பது பழைய வழக்கம்; அந்த உப்பு நல்லது, கடித்த இடத்து உப்புதான் ஆகாது. மழையில் கரைந்துவிடும், மறுபடி தேய்க்க வேண்டும்.

இருட்டும் காட்டுமாடும்

நாலு பேருக்கு ஒரு தலைவிளக்கு. மற்றவை செல்போன் வெளிச்சம். இதில் அவர்கள் செய்த ஒரு காரியம் சரியானது: நான்கு போனையும் ஒரே நேரத்தில் எரிக்கவில்லை. தலைவிளக்கு முதல் ஆளிடம், ஒரு போன் மூன்றாம் ஆளிடம், மற்ற மூன்றும் அணைத்து உள்பையில், உடம்புச் சூட்டில். கடைசி ஆளிடம் விளக்கு இருந்தால் முன்னால் போகிறவரின் நிழலே பாதையை மறைக்கும்.

காட்டுமாடு சோலை விளிம்பில் நின்றிருந்தது. முதலில் தெரிந்தது இரண்டு பச்சைப் புள்ளி, பிறகு காலுறை போட்டதுபோல் வெளுத்த நாலு கால். வளர்ந்த கடா ஒரு டன் வரை எடை இருக்கும். கொடைக்கானல் தெருவில் குப்பைத்தொட்டி அருகே நிற்பதைப் பார்த்துப் பழகியதால் அதைச் சாதுவென்று நினைப்பவர்கள் உண்டு. பாதையில் ஒற்றையாக நிற்கும் கடாவுக்கும், கன்றோடு நிற்கும் பசுவுக்கும் அந்த மரியாதை போதாது. மதுரை நண்பர் கல்லெறியலாம் என்றார், வத்தலக்குண்டுக்காரர் தடுத்தார். அன்று உள்ளூர் அறிவு உதவிய ஒரே இடம் அது. விளக்கைத் தரைக்குத் தாழ்த்தி, பத்து இருபது அடி பின்வாங்கி, பெரிய மரத்தின் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே 35 நிமிடம் காத்திருந்தார்கள். அது கீழ்ச்சரிவு வழியே போவதற்கு இடம் விட்டிருந்தார்கள்; போயிற்று. பள்ளத்துப் பக்கம் இறங்கி அதைச் சுற்றப் பார்த்திருந்தால், அது ஓடி ஒளியும் வழியை மறித்திருப்பார்கள்.

சட்டமும் காகிதமும்

டால்ஃபின் நோஸ் வரை எல்லாரும் போகும் இடம். அதற்குக் கீழே காட்டுப் பாதையில் மலையேற்றமாகப் போக வனத்துறை அனுமதி வேண்டும். இவர்கள் வாங்கவில்லை. ‘ஊர்க்காரங்க தினமும் நடக்கிற பாதைதானே’ என்பது வாதம். ஊர்க்காரர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் வழி. நமக்கு அது காடு. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேறியவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அரசு இதற்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளை, எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு முன்பதிவு செய்யலாம். தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடிவிடுவார்கள்.

மாணவியின் பையடியில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் மலைக்கடையில் சாதாரணமாக விற்பது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்தில் வெளிநாட்டவர்கள் கைதானதும் உண்டு. பரிமாற்ற மாணவர்களுக்கு வருமுன்பே சொல்ல வேண்டிய செய்தி இது, சொல்பவர்கள் குறைவு. ஐபோனின் செயற்கைக்கோள் அவசர அழைப்பும் இங்கே வேலை செய்வதில்லை. மிஞ்சுவது 112, 108. முனைகளிலும் திறந்த பாறைகளிலும் சிக்னல் எட்டும், சோலைக்குள் எட்டாது. அதனால் ஒவ்வொரு முனையிலும் நின்று, கீழே இருக்கும் ஒருவருக்கு நேரமும் இடமும் எழுதி ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பழக்கமாக வேண்டும். அன்று கீழே யாருமே இல்லை. தங்கிய வீட்டில் காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டார்கள்.

சொந்த வண்டியில் வந்தால் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். இந்திய செல்போன் எண் இல்லாத வெளிநாட்டவர் மின்னஞ்சல் கொண்டு பதியலாம். அரசுப் பேருந்தில் வருபவருக்கு அது தேவையில்லை. மாணவரின் காப்பீட்டில் மலைநடை எந்த உயரம்வரை, எந்த நிபந்தனையில் என்று ஒரு வரி இருக்கும். அனுமதி இல்லாமல் நுழைந்த இடத்தில் நடந்த விபத்துக்குப் பணம் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை அந்த வரியை வைத்தே ஊகிக்கலாம்.

மறுபடி போவதானால்

பழக்கமில்லாத நண்பர்களோடு இதை முதல் நடையாக வைக்கக்கூடாது. கோத்தகிரி லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். அரை நாளில் அட்டை, வேர்ப்படி, சோலை இருட்டு மூன்றும் பழகிவிடும். ஒருவர் நடைவேகமும் மற்றவருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு வெள்ளகவி. அனுமதியும் வழிகாட்டியும் முடிவான பிறகு, திரும்பி ஏறும் எண்ணத்தையே விட்டுவிட்டு ஒருவழி நடையாக வைக்கலாம்: காலை 6.30-க்கு வட்டக்கானல், நண்பகலுக்கு முன் கிராமம், அங்கிருந்து கும்பக்கரைக்கு இறக்கம், கும்பக்கரையிலிருந்து எட்டொன்பது கிலோமீட்டரில் பெரியகுளம். மதுரைக்காரர்களுக்கு இதுவே வீட்டுக்குப் போகும் வழியும்கூட. சுமையை முந்தின நாளே கீழே விட்டுவிட வேண்டும். ஆனால் இறக்கம் என்பதால் லேசென்று நினைக்கக்கூடாது. அத்தனை உயரத்தை ஒரே நாளில் இறங்கினால் தொடைத் தசை பிரேக் போட்டுப் போட்டு மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க விடாது. ஆளுக்கொரு கைத்தடி, முழங்காலைச் சற்று மடக்கிய குட்டை அடிகள். மேலே மழை பெய்தால் கும்பக்கரை ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும், வனத்துறை அருவியை மூடிவிடும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இரண்டு மலையிலும் தடை. உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டருக்கு ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வீட்டிலேயே பொட்டலமாக அளந்து எடுத்துவிட்டால் காட்டில் கை அளவு பிசகாது. ஆளுக்கொரு தலைவிளக்கு, மாற்று பேட்டரியோடு. ஒரு செட் உலர்ந்த உள்சட்டையும் காலுறையும், தண்ணீர் புகாத உறையில். இரண்டு படலப் போர்வை, இரண்டு க்ரேப் பட்டை. பாஸ்போர்ட், விசா நகல் நான்கு தாளில். ஒன்று தங்கும் வீட்டுக்கு, கேட்பதற்கு முன்பே, முந்தின இரவே. வழக்கமாய் முக்கால் மணி நேரம் அங்கேதான் போகிறது.

கிராம எல்லையில் காலணியைக் கழற்றியதும் கையில் தூக்கிக்கொண்டு நடக்காமல் துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். கட்டும் முன் உள்ளே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட வேண்டும். அட்டை நாக்குப் பட்டைக்கு அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.